அலறலுக்கு எழுதிய வரிகள்

1

"அண்ணா, பாட்டு வரிகள்னு என் பேரைப் போடணும்."

இயக்குநரிடம் கேட்டுவிட்டேன். வேலையிடத்தில் எதையும் வாய்விட்டுக் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கியதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. பொய். பொறாமையில் பிறந்தது.

2

முதல் தொடக்கம்: அவள் அலறியபோது இருட்டே கிழிந்து

(வேண்டாம். அவளுக்கு எதற்கு இவ்வளவு நல்ல வாக்கியம்?)

இரண்டாவது: பாடகி ஒருத்தி தொண்டை கிழியக் கத்தும் மெட்டல் இசைக்குழுவைப் பற்றி, தொலைக்காட்சிக்கு இருபது நிமிட ஆவணப்படம். நான் உதவிப் படத்தொகுப்பாளர். யார் பாடினாலும் அடியில் எழுத்து ஓட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. ஜன்னலில்லாத அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்பது தடவை கேட்டேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைசியில் எனக்குத் தோன்றியதை எழுதினேன்: 'நாற்காலி கேட்டேன், தரையைக் காட்டினாய்.' இப்படிப் பதினெட்டு வரிகள்.

3

பாடகியைக் கெட்டவளாக எழுத மூன்று முறை முயன்றேன். நல்லவள்தான், எரிச்சலே அதுதான். அவள் கத்திப் பழக அவளுடைய அப்பா தனி அறை கட்டிக் கொடுத்தார். நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று என் வாயைப் பொத்துவார்கள்.*

தொகுத்த படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அதுல வார்த்தையே கெடையாது, வெறும் சத்தம். ஆனா இது நல்லாருக்கே. இனிமே இதையே பாடுறேன்." இரண்டு மேடைகளில் பாடியும்விட்டாள். படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், பாடல் வரிகள்: அவள்.

* அடிக்குறிப்பு: பொறாமைக்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

4

"சப்டைட்டில் அடிக்கிறவங்க பேரையெல்லாம் போட்டா படத்தை எங்கேம்மா போடுறது?" என்றார் இயக்குநர். நல்ல நகைச்சுவை, வெட்டாமல் விடுகிறேன். இன்னும் வயதிருக்கிறது, பொறுமை வேண்டும் என்றும் சொன்னார். பக்கத்தில் பாடகி கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

5

முடிவு அ: என் பெயர் வருகிறது. (அம்மாகூட நம்பமாட்டாள்.)

முடிவு ஆ: பாடகி எனக்காகப் பேசுகிறாள். அவளை அவ்வளவு பெரிய மனுஷியாக்க எனக்கு மனசில்லை.

முடிவு இ: நான் கத்துகிறேன், கண்ணாடியெல்லாம்

(கத்த வந்திருந்தால் எழுத உட்கார்ந்திருப்பேனா?)

நடந்தது இதுதான். பதினெட்டு வரிகளையும் அழித்தேன். ஒவ்வொரு இடத்திலும் 'அலறல்' என்று அடித்தேன். அதுதானே உண்மை. சேமித்துவிட்டுப் பையை எடுத்தேன். இயக்குநர் நாளைக்கு ஒளிபரப்பு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாடகிதான் திரையைப் பார்த்துவிட்டுக் கதவு வரை வந்தாள்.

"அப்போ நான் இனிமே என்ன பாடுறது?"

இதைப் படிக்கிற நீங்களே அவளுக்கு எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரைப் போடச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் படியிறங்கிவிட்டேன்.