ஒட்டுத்தாள்

அம்மாவின் கன்னத்தில் பதிந்திருந்த நீல மை இலைகளை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்த அம்மா அப்படியே மேசையில் சாய்ந்து உயிரை விட்டிருந்தாள். அப்பா எழுந்து பார்க்கும்வரை மை காயாத அட்டைமேல்தான் முகம் கிடந்திருக்கிறது. எது மை, எது ரத்தம் கட்டிய நீலம் என்று தெரியாத இடங்களில் மகளின் கை பின்வாங்கியது. குமட்டியது. பெற்றவள் முகம் குமட்டுகிறதே என்று நினைத்ததும் இன்னும் குமட்டியது.

"ஆளுங்க வர்றதுக்குள்ள முடிச்சிடு" என்றார் அப்பா, வாசற்படியில் நின்றபடி. தலைவாரி, வெளுத்த சட்டை போட்டுத் தயாராகியிருந்தார். உள்ளே வரவில்லை.

இத்தனை வருஷமாக அந்த அட்டைகளுக்கு அவர் வைத்த பெயர் குப்பை. சாப்பாட்டு மேசையில் மை படுகிறதென்று அம்மாவை வாஷிங் மெஷின் பக்கத்து மூலைக்குத் துரத்தியவர். பத்து மணிக்கு அதே மனிதர் அட்டைகள் இருந்த பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டார். இலை வடிவம் வெட்டிய ஸ்டென்சில் தகட்டின்மேல் ஸ்பாஞ்சால் மையை ஒற்றி ஒற்றி, ஓரம் கனத்து நடு வெளிறி வரவைக்கும் வித்தையை, தானே கண்டுபிடித்ததுபோல வந்தவர்களுக்கு விளக்கினார். கலர் எல்லாம் தான்தான் தேடித் தேடி வாங்கிக்கொடுத்ததாகச் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பிஸ்கட் தின்ற விரல்களோடு அட்டைகள் கைமாறின. அத்தை இரண்டைக் கைப்பைக்குள் நழுவவிட்டாள். மகளுக்கு அப்பாவின் குரல், சட்டைக் காலர், வாயோரம் காய்ந்திருந்த காப்பி எல்லாமே அருவருப்பாக இருந்தன.

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்றாள் காதருகே குனிந்து.

"ஏன், அவ பெருமையை நான் சொல்லக் கூடாதா?"

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற தோழி அப்போதுதான் வந்தாள். அம்மாவை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு வந்தவர்களில் நிஜமாகவே அழுதவள் அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"எனக்குப் ப்ரமோஷன் கிடைச்சப்ப உங்க பொண்ணு கொடுத்தது சார். எனக்குன்னே அம்மாகிட்ட சொல்லிச் செய்ய வெச்சாளாம். என்னை யாருன்னே தெரியாது அவங்களுக்கு. எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க பாருங்க."

போன வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு அம்மா அனுப்பிய அட்டை அது. தோழிக்குப் பரிசு வாங்க மறந்துபோன ஒரு காலையில், அலுவலகக் கழிவறையில் நின்றுகொண்டு, உள்ளே அம்மா எழுதியிருந்ததன்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்திருந்தாள். எழுதியிருந்ததை அவள் படித்ததுகூட இல்லை.

அப்பா அட்டையை விரித்தார். தாளின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. நகத்தால் மெல்லத் தூக்கினார். 'என் குட்டிக்கு' என்று அம்மாவின் சாய்ந்த எழுத்து. அதற்குக் கீழே இன்னும் வரிகள் இருந்தன. அவர் கண்கள் அவற்றின்மேல் போய் வந்தன. பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். அதில் கோபமில்லை. தெரியாத ஊரில் சொந்த ஊர்க்காரரைக் கண்டுவிட்டதுபோல ஒரு பார்வை. காலையிலிருந்து அவள் பார்த்ததிலேயே அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ஒட்டு விட்டிருக்கு. பசை எடுத்துட்டு வாம்மா" என்றார்.

அம்மாவின் மேசையிலிருந்த பசைக் குப்பியின் வாய் காய்ந்து அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா ஒரு சொட்டு விட்டுத் தாளை மூடினார்.

"டீ சாப்பிட்டீங்களாம்மா?" என்று தோழியைக் கேட்டார்.

காயும்வரை அவர் ஒரு மூலையை அழுத்திக்கொண்டிருந்தார். எதிர் மூலையில் மகள் தன் கட்டைவிரலை வைத்தாள்.