துடைத்தால் அழியாத புத்தகம்

1

இந்தக் கதை என் அக்காவுடையது. சாப்பிட்டுக்கொண்டே அவள் சொல்லி முடித்தபோது என் கை காய்ந்துபோயிருந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதிக்கோ. ஆனா அடக்கமா எல்லாம் எழுதாத. நான்தான் கண்டுபிடிச்சேன்னு தெளிவா போடு.”

போட்டுவிட்டேன்.

அக்காவுக்குக் கல்வி அலுவலகத்தின் பின்பக்க அறையில் வேலை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவர் முழுக்க மாதிரிப் புத்தகங்கள். “என் வகுப்புக்கு இப்படி ஒரு வாசிப்புப் புத்தகம் வேண்டும்” என்று எங்கிருந்தோ ஓர் ஆசிரியர் கூப்பிடுவார். எங்கே கிடைக்கும் என்று தேடிக் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்துப் புத்தகம், விரலால் தடவிப் படிப்பது, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மொழியில் இருப்பது என்று எதையெதையோ கேட்பார்கள். “இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் மருந்து வாசனை ஒரு

(நிறுத்திவிட்டேன். வாசனை ஒரு என்ன? நான் அங்கே போனதே இல்லை.)

ஆகவே போனிலிருந்து தொடங்குகிறேன். கூப்பிட்டவர் ஒரு பெரிய மருத்துவமனையில், மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை எடுக்கும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. கட்டில்தான் அவருக்கு வகுப்பறை.

“மேடம், துடைக்கிற மாதிரி புத்தகம் இருக்கா?”

“அட்டையையா, டீச்சர்?”

“உள்ள இருக்கற ஒவ்வொரு பக்கத்தையும்.”

கண்ணாடிச் சுவர் போட்ட தனி அறையில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மருந்து அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அத்தனையையும் வழித்தெடுத்திருந்தது. உள்ளே போகும் எதையும் கிருமிநாசினியால் துடைத்தாக வேண்டும். காகிதம் அதற்குத் தாங்காது. நர்ஸுகளையே அதட்டி வேலை வாங்குவதால் அவளுக்குக் குட்டி மேடம் என்று பெயர். ஒன்றாம் வகுப்பு முழுவதும் படுக்கையிலேயே கழிந்துவிட்டது. எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. டேப்லெட் கொடுத்தால், மருந்து ஏறும் நாட்களில் திரையைப் பார்த்ததுமே வாந்தி எடுத்தாள்.

“அவ கூட்டாளிங்க எல்லாம் இப்ப படிக்கிறாங்களாம். தனக்கு வராதுன்னு பயந்துட்டா. படிப்பே பிடிக்கலைன்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கா. அது ஊறிப்போறதுக்குள்ள எனக்குப் புத்தகம் வேணும்.”

3

இந்த ஆசிரியையை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். கண் கலங்க, குரல் தழுதழுக்கப் பேசுகிறவராக எழுதி வைத்திருந்தேன். அக்கா படித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கினாள்.*

அவள் முதலில் அனுப்பியது குளிக்கும்போது கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சொல். குட்டி மேடம் புரட்டிப் பார்த்து, “நான் என்ன பாப்பாவா?” என்று தள்ளிவிட்டாள். அடுத்து அக்கா நல்ல கதைகளாகப் பொறுக்கி, பக்கம் பக்கமாக லேமினேஷன் போட்டு, ஸ்பைரல் கோத்து அனுப்பினாள். அந்த வார்டின் பெரிய நர்ஸ் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பிரிந்து வந்தது.

“இதுக்குள்ள தண்ணி போகும். இந்த ஓட்டைய எல்லாம் எப்படித் துடைப்பேன்?”

(இங்கே எனக்கு ஒரு வில்லி கிடைத்தாள் என்று மகிழ்ந்தேன். அக்கா விடவில்லை. “அவங்க சரின்னு தலையாட்டியிருந்தாதான் எனக்குப் பயமா இருந்திருக்கும்.”)

* “டீச்சர் அழவே இல்ல. சிடுசிடுன்னு பேசினாங்க. ‘பாப்பா புத்தகம் அனுப்பி என் மானத்த வாங்காதீங்க மேடம்’னாங்க. அப்படியே எழுது.”

4

இந்தக் கதையில் எனக்கும் சின்ன வேஷம் உண்டு: எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன்.

ஓட்டலில் கைக்கு வந்த மெனு கார்டில் யாரோ சிந்திய குழம்பு. பரிமாறுகிறவர் ஈரத்துணியால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு மறுபடி நீட்டினார். அக்கா அதை வளைத்தாள், மடித்தாள், ஓரத்தை நகத்தால் கீறினாள், கடைசியில் கிழிக்கப் பார்த்தாள்.

“அக்கா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அண்ணே, இத எங்க அடிச்சீங்க?”

ஓட்டலில் சொன்ன அச்சகத்துக்குப் போனாள். அச்சகக்காரர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். நனைந்தாலும் ஊறாத பிளாஸ்டிக் தாள். மை அதிலேயே பிடித்துக்கொள்ளும் என்றார். ஸ்டேப்ளர் பின் அடிக்கக்கூடாது, தைக்கக்கூடாது, ஒட்டக்கூடாது என்றாள் அக்கா. அவர் ஒரு நீளத் தாளை எடுத்து விசிறி மடிப்பாக மடித்துக் காட்டினார்.

“ஒரே தாள்மா. இழுத்தா முழுக் கதையும் விரிஞ்சிடும். மடிப்புல ஓட்டையும் இல்ல, தையலும் இல்ல.”

பொறுக்கிய கதைகளில் ஒன்றை எடுத்து, அதன் பதிப்பகத்தைக் கூப்பிட்டு அச்சிட அனுமதி வாங்கினாள். புத்தகம் வந்ததும் பெரிய நர்ஸ் அதைக் கிருமிநாசினியில் ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் எடுத்துத் துடைத்தார். ஓர் எழுத்துக்கூட அசையவில்லை.

“உள்ள கொண்டு போங்க,” என்றார்.

பிறகு வேறு மருத்துவமனைகளிலிருந்தும் ஆசிரியர்கள் கேட்டு வாங்கினார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம், “ஓட்டல்ல கண்டுபிடிச்சேன்” என்று அக்கா மார்தட்டிக்கொள்கிறாள். நானும் என் நண்பர்களிடம் தட்டிக்கொள்கிறேன். எதிரே உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் குட்டி மேடம் குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறாள். மற்றொன்றில்

“கிழிச்சுப் போடு,” என்றாள் அக்கா. “ரெண்டையும்.”

“படிக்கறவங்க கேப்பாங்களே, அக்கா.”

“அவ உடம்பு அவங்க வீட்டு விஷயம். உன் கதைக்கு அத ஏன் இழுக்கற? அவ படிச்சா. நான் நேர்ல பார்த்தேன். அத எழுது.”

எழுதுகிறேன்.

கண்ணாடிக்கு உள்ளே முகக்கவசம் போட்ட ஆசிரியையும் குட்டி மேடமும். வெளியே அக்காவும் அந்தப் பெண்ணின் அம்மாவும். அம்மா கையில் அதே கதையின் இன்னொரு பிரதி. உள்ளே பேசுவது சின்ன ஒலிபெருக்கியில் கேட்டது. “ஒரு... நாள்... யானை... பஸ்ஸில்...” என்று விரல் வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். அடுத்த சொல் நீளம். நடுவில் ஓர் ஒற்றெழுத்து வேறு. விரல் நின்றுவிட்டது.

அம்மாவின் வாய் தானாகத் திறந்தது. ஆசிரியை திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் உயர்த்தினார்: பொறுங்கள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். குட்டி மேடம் முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னாள். தப்பு. தலையை ஆட்டி, யாரும் சொல்லாமலே, மறுபடி முதலிலிருந்து.

அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஊகம் இருக்கும். தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.