காரியம் ஆகிற ஆள்

தலைவர் பதவி என்றால் தருமலிங்கத்துக்கு உயிர். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற அந்தக் குப்பத்துக்குத் தலைவர் ஆகாமல் செத்தால் தன் கட்டை வேகாது என்று நம்புகிற ஆள். பேச ஆரம்பித்தால் கரையில் காய்கிற கருவாடுகூடத் தலையாட்டும்.

இந்தத் தடவை தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் வேதாசலம். முரட்டு மனுஷன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாது. ஆனால் குப்பத்தில் பாதிப்பேர் அவருக்குச் சொந்தக்காரர்கள். அந்தக் கூட்டத்தைக் கலைத்தால்தான் பிழைப்பு. ஆகவே கோயில் முன்னால் ஊர் கூடியபோது தருமலிங்கம் தன் மொத்த வித்தையையும் இறக்கினார். செத்துப்போன தன் நைனாவை நினைத்துக் கண்ணைத் துடைத்தார். கடல்மேல் சத்தியம் செய்தார். முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிறது, வெட்டாவிட்டால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, இறால் வராது, அடுப்பு எரியாது என்று கணக்கும் சொன்னார்.

"மாமன் மச்சான்னு பாக்காதீங்க. நல்லவனா கெட்டவனான்னும் பாக்காதீங்க. காரியம் ஆவுமா, அத்த மட்டும் பாருங்க."

கூட்டம் சொக்கிப்போனது. வேதாசலத்தின் சொந்த மச்சான் பச்சைமுத்துவே உருகிப்போய்த் தருமலிங்கத்துக்குக் கை தூக்கிவிட்டார். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். இன்னும் கை தூக்காதவள் ஒருத்திதான், தருமலிங்கத்தின் மனைவி திரௌபதி. தருமலிங்கம் மாலைக்குத் தோதாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

திரௌபதி வேதாசலத்துக்குக் கை தூக்கினாள்.

"இன்னாமே இது?"

"நீ சொன்னத்ததான் யோசிச்சேன். போன தபா தூர்ந்தப்ப நீ ஆபீசருக்கு மனு குடுத்த, சால்வை போத்தின, போட்டோ எடுத்துக்கின. வேதாசலம் அண்ணன் அந்த ஆபீசர போட்டுல ஏத்தி இட்டுனு போயி சேத்துல தரைதட்ட வுட்டுச்சி. மண்ணு வெட்டற மிசின அனுப்பச் சொல்லி ஆபீசரு போன் போட்டப்புறந்தான் அண்ணன் போட்டத் தள்ளிச்சி."

அந்த அதிகாரி தானே இறங்கித் தள்ளிப் பார்த்து, முழங்கால் சேற்றோடு கரையேறியது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மறுவாரமே மிஷின் வந்ததும் ஞாபகம் வந்தது. வேதாசலம் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊரே கைவிட்டிருந்தாலும் தருமலிங்கம் தாங்கியிருப்பார். கட்டினவளே இப்படிச் செய்யலாமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"உன்கூட வாழறதுக்கு நான் காரியம் பாக்கலய்யா," என்றாள் திரௌபதி. "பாத்திருந்தா என்னிக்கோ எங்கம்மா வூட்டுக்குப் போயிருப்பேன். ஊருக்குப் பாத்துதான ஆவணும்."

இருந்த நல்ல நியாயத்தையெல்லாம் தருமலிங்கமே சொல்லித் தீர்த்திருந்தார். எதிரே பச்சைமுத்து மட்டும், கொடுத்த வாக்கு மாறாமல், அவருக்காகத் தூக்கிய கையோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"கைய எறக்குய்யா," என்றார் தருமலிங்கம். "காரியம் ஆவணும்."