பூங்காவுக்கு வந்த அலை

மூன்றாவது சிலை மாதிரியின் மேலிருந்த துணியை எடுத்ததும் சுலோசனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மரக்காணம் கல்யாண மண்டபத்தில் அன்று கருத்துக் கேட்புக் கூட்டம். உப்பளத்தை ஒட்டி வரப்போகிற பூங்காவில் ஊர் வரலாற்றைச் சொல்லும் சிலைகளை வைக்கப்போகிறார்களாம். உப்பு வாரும் பெண்கள், கால்வாயில் உப்பு ஏற்றிப்போன படகு, இந்த இரண்டுக்கும் எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாவது ஒரு பேரலை. சுனாமியின் நினைவாகப் பனைமர உயரத்துக்கு நிற்குமாம். பிள்ளைகள் பின்பக்கம் ஏறி முன்பக்கம் சறுக்கி விளையாடலாமாம்.

அலை முறிந்து விழுவதற்கு முன் ஒரு கணம் அப்படியே நிற்குமே, அதே வளைவு. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பார்த்தபோது மகன் சதீஷின் கை அவள் கைக்குள் இருந்தது. அப்புறம் இல்லை.

குப்பத்துச் சனம் முழுக்க வந்திருந்தது. ஊர்த் தலைவர் கலியமூர்த்தி முந்தின நாளே சொல்லிவிட்டார்: "அலைக்குத்தான் எல்லாரும் கை தூக்கணும். சனம் போட்டோ எடுக்க வரும். நம்மாளுங்க கடை போட்டுக்கலாம்."

ஊர் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்படித் தட்டின குழந்தைசாமியை ஊர் ஒதுக்கி வைத்தபோது, அவன் கொண்டுவந்த மீனை ஏலம் கேட்க ஒருத்தரும் போகவில்லை. கரையிலேயே நாறியது.

குயிலாப்பாளையத்திலிருந்து வந்திருந்த சிற்பி சத்யப்ரியா மைக்கைப் பிடித்தாள். "யாருக்காச்சும் வேற கருத்து இருக்குதாங்க?"

சுலோசனா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முன் வரிசையில் இருந்த புருஷன் பாலகுரு திரும்பி முந்தானையை இழுத்தார். "உக்காரு. தலைவர் பாக்குறாரு."

"அத வைக்காதீங்கம்மா. தெனம் மீன் கூடையோட அந்த வழியாத்தான் போறேன். அது மேல புள்ளைங்கள ஏத்தாதீங்க. ஏறுன புள்ள எறங்குறவரைக்கும் என் உசுரு எங்கிட்ட இருக்காது."

தலைவர் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"புத்தி கலங்கின பொம்பள, மேடம். நீங்க கை தூக்கச் சொல்லுங்க."

ஆண்களின் கைகள் சட்சட்டென்று உயர்ந்தன. சுலோசனா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பின்னால் பெண்கள் பக்கம் ஒரு வளையல் சத்தமும் கேட்கவில்லை.

சத்யப்ரியா பெண்கள் பக்கம் திரும்பினாள். "பொம்பளைங்க ஒருத்தரும் கை தூக்கலீங்களே," என்றாள். "இவங்கள இவ்ளோ பயமுறுத்துற ஒண்ண நான் செய்ய மாட்டேங்க. வேற எதாச்சும் யோசிச்சு எடுத்துட்டு வர்றேன்."

வாசலில் கலியமூர்த்தி வழிமறித்தார். "நாளைக்கு ஊர்க் கூட்டம். கோயிலாண்ட வந்து நில்லு."

ஷேர் ஆட்டோவில் யாரும் அவளோடு பேசவில்லை. கை தூக்காமல் இருந்த பெண்கள்கூட ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இனி தன் கூடையை யார் தொடுவார்கள்? யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

வீட்டுக்கு வந்தும் பாலகுரு சட்டையைக் கழற்றவில்லை. கதவருகிலேயே நின்றார். திட்டப்போகிறார் என்று அவள் சுவரோடு ஒதுங்கினாள்.

"நாளைக்கு நானும் உங்கூட வந்து நிக்கிறேன்," என்றார். "சதீசுக்கு நானும்தான அப்பன்."

அப்புறம்தான் சட்டையைக் கழற்றினார்.