புளியங்கொட்டை ஸலவாத்து

மழை விட்ட பிறகும் பீர் முஹம்மது வீடு வந்து சேரவில்லை. முந்தின நாள் காலை, புயல் வருது வருது என்று டி.வி. கத்திக்கொண்டிருக்கும்போதே, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சீர் மெத்தை கொடுக்க வேண்டுமென்று லோடு வண்டியை எடுத்துக்கொண்டு பெருங்குடிக்குக் கிளம்பிய மனுஷன். அங்கே கார்கள் மிதக்கின்றனவாம். அவர் செல்லோ செத்துக் கிடந்தது. தேடிப் போன பள்ளிவாசல் ஆட்களையும் வேளச்சேரியிலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.

ராயப்பேட்டையில் அவர் மனைவி ஃபிர்தௌஸ் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல! அவள் தொழுகையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடலாம். நல்ல நாளில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொழ நிற்பாள். பால் பொங்குவதற்குள் முடித்துவிடுவாள். இன்றைக்கு முசல்லா விரிப்பை விட்டு எழவே மனசு வரவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தவள் அப்படியே கிடந்தாள். "யா அல்லாஹ், அவரக் குடுத்துடு, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பக்கத்துத் தெருவிலிருந்து முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தாள் ஷாகிரா. பீர் முஹம்மதுவின் ஒரே தங்கை, வாய்க்காரி.

"அண்ணி, இப்டி அழுதுக்கினே கெடந்தா ஆச்சா? எழுந்திரு. நாரிய்யா ஸலவாத்து ஓதலாம்."

கஷ்டம் வந்த வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து, நபிகள் பேரில் நாலாயிரத்துச் சொச்சம் தடவை ஓதும் ஸலவாத்து அது. ஒரு தடவை ஓதினால் ஒரு புளியங்கொட்டை இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குப் போகும். அன்றைக்குப் பார்த்துப் பள்ளிவாசலில் கொட்டை மூட்டை இருந்த அறைக்குள் தண்ணீர். மாடி வீட்டு ஸ்ரீலக்ஷ்மி மாமிதான் கை கொடுத்தாள். எதையும் தூக்கிப் போடாத மாமி அவள். வருஷா வருஷம் புளியிலிருந்து எடுத்த கொட்டையை ஒரு பெரிய டின் நிறைய வைத்திருந்தாள்.

"எடுத்துக்கோடி, ஆத்துல சும்மாத்தானே கிடக்கு. நானும் மாடிப்படியில உக்காந்துண்டு எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். அந்த நல்ல மனுஷன் நன்னா வந்து சேரணும்."

தெருப் பெண்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஊதுபத்தி ஏற்றினார்கள். கரண்ட் இல்லாத கூடத்தில் முணுமுணுப்பும் கொட்டை உருளும் சத்தமும்தான். கொஞ்ச நேரத்தில் எல்லோர் கண்ணும் ஃபிர்தௌஸ் பக்கம் போனது. மற்றவர்கள் ஒரு கொட்டை தள்ளுவதற்குள் அவள் மூன்று தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நில்லு அண்ணி" என்றாள் ஷாகிரா. "நீ இன்னா ஓதுற? ஒதடு அசையறதப் பாத்தா அரபி மாதிரியே தெரியலியே."

ஃபிர்தௌஸ் திருதிருவென்று விழித்தாள். "'அவருக்கு நீச்சல் தெரியாது, பாத்துக்கோ'ன்னு சொல்லிக்கினு இருந்தேன். ஸலவாத்து வாயில நிக்க மாட்டேங்குது ஷாகிரா. நான் இன்னா பண்ணுவேன்?"

ஓதும்போது யாராவது கொட்டாவி விட்டால்கூட எரித்துவிடுவதுபோல் பார்க்கிறவள் ஷாகிரா. இதற்கு என்ன ஆட்டம் ஆடப்போகிறாளோ என்று எல்லோரும் பயந்தார்கள். ஷாகிராவோ தன் குவியலையே பார்த்தாள். அவள் மூஞ்சி கோணிக்கொண்டு போனது.

"என்துலயும் பாதி 'எங்கண்ணன், எங்கண்ணன்'தான் அண்ணி" என்று சொல்லி ஓவென்று அழுதாள். ஃபிர்தௌஸ் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுது முடித்த ஷாகிரா துப்பட்டியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு பழைய அதிகாரத்தோடு நிமிர்ந்தாள். "அது நாம கேக்குற துஆ. அது வீண் போவாது. ஸலவாத்து வேற கணக்கு. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டு, மொதல்லேந்து ஓதலாம்."

ஒருத்தி முனக வேண்டுமே! ஒருத்தியும் முனகவில்லை. திரும்ப ஆரம்பித்தார்கள்.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் இருக்கும். வாசலில் ஒரு ஆண்குரல் வெடித்தது.

"யா அல்லாஹ்! எம் ஃபிர்தௌஸு! ஃபிர்தௌஸு!"

நடந்தது இதுதான். படகு, லாரி, நடை என்று மாறி மாறித் தெருவுக்கு வந்து சேர்ந்த பீர் முஹம்மது, வீட்டு வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்திருக்கிறார். உள்ளே ஊதுபத்திப் புகை, வெள்ளைத் துப்பட்டிகள், ஓதும் சத்தம். மாடிப்படியில் இருந்த ஸ்ரீலக்ஷ்மி மாமி அவரைக் கண்ட சந்தோஷத்தில் பேச்சு வராமல், அழுதுகொண்டே உள்ளே கையைக் காட்டியிருக்கிறாள். சாவு விழுந்த மையித்து வீடு என்று நினைக்க வேறென்ன வேண்டும்? மனுஷன் அப்படியே வாசல்படியில் சரிந்துவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரல்ல அவர். 'இந்தா', 'இங்க பாரு', அவ்வளவுதான். இப்போது தெருவே கேட்கப் பெயர் சொல்லி அழுகிறார். ஃபிர்தௌஸ் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஏங்க! நான் இங்கதான் கீறேன்! எனக்கு ஒண்ணுமில்லீங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை. சேறு படிந்த கையால் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பிரஷர் மாத்திரைய நான் எடுத்துக் குடுக்கலன்னா நீ போட மாட்டியேடி. மார் அளவு தண்ணி. வண்டி மேல ஏறி உக்காந்துக்கினு ராத்திரி பூரா அல்லாஹ்கிட்ட அதத்தான் கேட்டேன். 'நான் போய்ச் சேர்ற வரைக்கும் அவள வச்சிரு, அவள வச்சிரு'ன்னு. இங்க வந்து பாத்தா..."

ஃபிர்தௌஸ் தன் துப்பட்டியால் அவர் முகத்தைத் துடைத்தாள். இவள் அவர் உயிருக்குக் கெஞ்சிக்கொண்டிருந்த நேரமெல்லாம், தன் உயிர் போகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் இவள் உயிரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

"போட்டியா?" என்றார்.

இல்லையென்று தலையாட்டினாள்.

"பாத்தியா!" என்று எழுந்தார். அத்தனை பெண்களும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வழிவிட, கூடம் முழுக்கத் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து போய் அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விழுங்கி முடிக்கிற வரைக்கும் கையை விடவில்லை.