பால் தொடாத ஊசி

"இன்னா தொரே, உன் பொண்ணுக்கும் நீதானே குத்துனே? பூட்டாளே! எங்க புள்ளைங்களையும் அனுப்பப் பாக்குறியா?"

பதுருன்னிசா பாதிக் கதவைத் திறந்தபடி கேட்டாள். ஞானதுரை ஊசிப் பெட்டியைக் கீழே வைத்தான். சுகாதார இலாகாவில் அம்மை குத்துவது அவன் வேலை. வண்ணாரப்பேட்டையின் இந்தச் சந்தில்தான் குடியும் இருந்தான். மகள் கிருபையைப் புதைத்து இருபது நாள் ஆகியிருந்தது. நேற்று இதே சந்தில் இன்னொரு வீட்டில் ஒருவருக்கு அம்மை முத்துப் போட்டிருந்தது. ஆனாலும் ஒரு பிள்ளையும் கை நீட்டவில்லை.

"அவரு வூட்லயே பலிக்கல. நம்பளுக்கு மட்டும் பலிக்கப் போவுதா?" என்றாள் எதிர்வீட்டு மலிகா.

ஞானதுரைக்கு மட்டும் உண்மை தெரியும்.

தை மாதம் டோல்கேட்டில் அவன் குத்திய ஒரு குழந்தைக்குக் கை வீங்கி, நாலு நாள் காய்ச்சல் அடித்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் அழுகை அவன் காதை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே மனைவி தங்கபுஷ்பம் கிருபையின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு வயதுக் கை. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தைத் தொடாத வெறும் ஊசியால் கீறிவிட்டான்.

எட்டாம் நாள் தங்கபுஷ்பம் கேட்டாள்: "குத்துன எடம் பொங்கவே இல்லியே?"

"சில பிள்ளைகளுக்கு அப்பிடித்தான்."

பொங்காவிட்டால் திரும்பக் குத்த வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்ன அதே வாய்.

பங்குனியில் மலிகாவின் மகளுக்கு அம்மை கண்டது. உதவிக்குப் போன தங்கபுஷ்பம் கிருபையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். "இவளுக்குத்தான் குத்தியாச்சே" என்றாள். மலிகாவின் மகள் தேறிவிட்டாள். கிருபை தேறவில்லை.

"நகரு நைனா, கதவ மூடணும்," என்றாள் பதுருன்னிசா. அவள் பின்னால் மூன்று வயது மகன் ஹுமாயூன் எட்டிப் பார்த்தான்.

ஞானதுரை கதவைப் பிடித்துக்கொண்டான். குழாயடியில் தங்கபுஷ்பம் நிற்பது அவனுக்குத் தெரியும்.

"என் பிள்ளைக்கு நான் குத்தல," என்றான் உரக்க. "பால் வைக்காம சும்மா கீறுனேன். பயந்துட்டேன். பால் வச்சிருந்தா அவ இருந்திருப்பா."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை அடைக்கவில்லை.

தங்கபுஷ்பம் மெல்ல வந்தாள். சத்தம் போடவில்லை.

"நான் தூக்கிட்டுப் போனதாலதான் போச்சின்னு இருவது நாளா தலையில அடிச்சுக்கிட்டேனே... பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்திய?"

அவள் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

பதுருன்னிசா வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு ஹுமாயூனை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"பால் தொட்டுக் காட்டு. என் கண்ணால பாக்கணும்."

ஊசி நுனியில் நின்ற துளியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். அவள் குனிந்து பார்த்துவிட்டுப் பையனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று சந்தில் பதினேழு பிள்ளைகளுக்குக் குத்தினான்.

எட்டாம் நாள் பார்வையிடப் போனான். ஹுமாயூனுக்கு நன்றாகப் பொங்கியிருந்தது. அதைச் சொல்ல ஞானதுரையின் வீட்டில் ஆள் இல்லை. தங்கபுஷ்பம் முந்தின நாளே ஊருக்கு ரயிலேறியிருந்தாள். கிருபையின் சட்டைகளில் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.