ஐம்பத்திரண்டு வருடம் பிந்திய திருத்தம்

ஆர்னோ ஃபெல்ட்மனின் இதயம் இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன திங்கட்கிழமை, அவர் நிரூபாவைக் கூப்பிட்டு லப்டொப்பை எடுத்து வரச் சொன்னார்.

“எனக்குக் கை நடுங்குகிறது. நீங்கள் தட்டுங்கள். ஒரு கடிதம்.”

நிரூபா வாரத்தில் மூன்று நாள் சிட்னியின் மேற்கில் உள்ள டூங்கபியிலிருந்து ரயிலேறி, பொண்டாயில் இருந்த அவருடைய வீட்டுக்கு வருவாள். அவரைக் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும்தான் அவள் வேலை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் ஏழு வருடம் புரூவ் பார்த்து அச்சுப்பிழை திருத்தியவள். அதைக் கேள்விப்பட்ட நாள்முதல் ஆர்னோ அவளைத் தன் சக பத்திரிகைக்காரியாகவே நடத்தினார்.

வியன்னாவில் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் சிட்னிக்கு வந்தார். இரண்டு அத்தைமாருக்கு எந்த நாடும் விசா கொடுக்கவில்லை. இருவரும் கொல்லப்பட்டார்கள். யூதருக்கென்று ஒரு நாடு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நம்பித்தான் அவர் சியோனிச இயக்கத்தில் சேர்ந்தார். யூத வாரப்பத்திரிகை ஒன்றுக்கு முப்பத்தொரு வருடம் ஆசிரியர். அதில் பன்னிரண்டு வருடம் இயக்கத்துக்கும் தலைவர். அவர் ‘மூவ்மென்ட்’ என்று சொல்லும்போதெல்லாம் நிரூபாவின் காதில், ஊரில் துப்பாக்கியோடு திரிந்த ‘இயக்கம்’ என்றே விழும். முதுகு தானாக நிமிரும்.

கடிதம் ரூத் கப்லானுக்கு. 1973இல் ரூத்துக்கு இருபத்துநான்கு வயது, ஆர்னோவின் நிருபர். இஸ்ரேலுக்குப் போனவள், ஆட்களில்லாமல் போன ஓர் அரபுக் கிராமத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். அங்கிருந்து போனவர்களோடும் பேசியிருந்தாள், அவர்களைப் போகச் செய்த சிப்பாய்களோடும் பேசியிருந்தாள். அவள் பதிவுசெய்து வந்த ஒலிநாடாக்களை ஆர்னோ கேட்டார். பிரசுரிக்க முடியாது என்றார். அவள் வேறு பத்திரிகைக்குக் கொடுத்தாள். அடுத்த வாரம், ரூத் சந்திக்காத ஆட்களைச் சந்தித்ததாக எழுதிவிட்டாள் என்று ஆர்னோ தன் முன்பக்கத்தில் போட்டார். அதன்பின் எந்தப் பத்திரிகையும் அவளை எடுக்கவில்லை. மெல்பேர்னுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள்.

அவர் சொல்லச் சொல்ல நிரூபா இரண்டு பக்கம் தட்டினாள். முடிந்ததும் வாசித்துக் காட்டினாள்.

“எப்படி இருக்கிறது?” என்றார்.

“இதில் பதினொரு ‘ஆனால்’ இருக்கு.”

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. “எடுத்துவிடுங்கள்.”

“எடுத்தால் நாலு வரிதான் மிஞ்சும்.”

அப்போதுதான் நிரூபா யாழ்ப்பாணத்தில் தான் செய்ததைச் சொன்னாள். ஒரு வாத்தியாரின் மரண அறிவித்தல். அச்சுக்குப் போக இருந்த நேரம் இயக்கத்துப் பெடியன்கள் இருவர் வந்து, துரோகிக்கு அறிவித்தல் கிடையாது என்றார்கள். ஆசிரியர் தலையசைத்தார். அச்சுப் பக்கத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்தது அவள் கை. மறுநாள் வாத்தியாரின் மனைவி பேப்பரோடு வந்து, “பிள்ளை, எந்தப் பக்கத்தில போட்டனீங்கள்?” என்று கேட்டாள்.

“என்ன சொன்னீர்கள்?”

“இடம் போதேல்லை எண்டு சொன்னனான்.”

ஆர்னோ விளங்காமல் அவளைப் பார்த்தார். அந்தப் பதிலைத் தமிழில் சொல்லிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நாலு வரியே இருக்கட்டும். ஆனால் கடிதமாக வேண்டாம். பத்திரிகையில் வரவேண்டும். முன்பக்கத்தில் சொன்ன பொய்யை உறைக்குள் வைத்துத் திருத்த முடியாது.”

அன்று வீட்டில் அவள் விஷயத்தைச் சொன்னபோது கணவர் கணேசலிங்கம் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். “இஸ்ரேல் சண்டையால ஊருலகம் கொதிச்சுக்கொண்டிருக்கிற நேரம். நீர் ஏன் அதுக்குள்ள போறீர்?”

“நான் ஒண்டுக்குள்ளயும் போகேல்லை. அந்தாள் செய்த பிழையை அந்தாள் திருத்துது. நான் புரூவ் பாக்கிறன், அவ்வளவுதான்.”

ஆர்னோவின் பத்திரிகைக்கு இப்போது ஆசிரியராக இருந்த டானியேல் வியாழக்கிழமை வந்தார். நாற்பது வயதிருக்கும். நிரூபா தட்டிக் கொடுத்த நாலு வரியை இரண்டு தரம் வாசித்தார். “இந்த நேரத்திலா ஆர்னோ? ஜெப ஆலய வாசலில் காவல் போட்டிருக்கிறோம். நம்மை வெறுப்பவர்கள் இதைக் கையில் எடுப்பார்கள்.”

“நானும் ரூத்திடம் இதே வசனத்தைத்தான் சொன்னேன்,” என்றார் ஆர்னோ. “அந்த நாடு வேண்டும் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதைக் காப்பாற்ற அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கியிருக்க வேண்டியதில்லை.”

திருத்தம் ஒன்பதாம் பக்கத்தில் வந்தது. “1973இல் ரூத் கப்லான் எழுதியது உண்மை. அவர் பேசியவர்களின் குரல்களை நானே கேட்டேன். தெரிந்துகொண்டே அவரைப் பொய்யர் என்று எழுதினேன். பிழை என்னுடையது.” ஆர்னோ விரலால் பக்க எண்ணைத் தொட்டு, “சமையல் குறிப்புக்குக் கீழே போட்டிருக்கிறான்,” என்று முணுமுணுத்தார். இரண்டு நாள் கழித்து மெல்பேர்னிலிருந்து அழைப்பு வந்தது. நிரூபா போனை அவர் காதில் பிடித்தாள்.

“வாசித்தேன்,” என்றது ஒரு வயதான குரல். “என் அப்பா அம்மா நான் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டே செத்துப்போனார்கள், ஆர்னோ.”

“தெரியும்.”

“நான் மன்னிக்கவில்லை.”

“அதற்காகப் போடவில்லை, ரூத்.”

அடுத்த புதன்கிழமை அவர் இறந்தார். ருக்வுட் மயானத்தில் இயக்கத்தின் பெரியவர்கள் அவருடைய சேவைகளைச் சொன்னார்கள். அந்த நாலு வரியை யாரும் சொல்லவில்லை. நிரூபா கடைசி வரிசையில் நின்றாள். பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு வந்து நின்ற நரைத்த பெண், “நான் ரூத்,” என்றாள். “தட்டியது நீங்களா?”

“ஓம்,” என்று நிரூபா தமிழிலேயே சொல்லிவிட்டாள். ரூத்துக்கு விளங்கியது.

மண் போடும் முறை வந்தது. யூத வழக்கப்படி மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. போட்டவர் அதை மண்ணில் குத்திவிட்டுப் போக, அடுத்தவர் எடுக்க வேண்டும். ரூத் மூன்று தரம் போட்டாள். மூன்றாவது தரம் நெடுநேரம் எடுத்தது. பிறகு மண்வெட்டியைக் குத்திவிட்டு, நிரூபாவைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டாள்.